பின்கேட்டிலிருந்து ஒரு தடம்

நகரத்துப் பூங்காக்களின் மேற்பார்வையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'பொறுங்க சார்'. எந்தக் கோப்பை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அதுதான். புதிய பூங்கா திறந்தால் மற்ற அதிகாரிகள் மறுநாளே சிமெண்டு லாரியை வரவழைப்பார்கள். அவர்கள் அகராதியில் மேம்பாடு என்றால் சிமெண்டு. இவரோ புல்லை விதைத்துவிட்டு ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஜனங்கள் எந்தப் பக்கம் நடந்து புல்லைத் தேய்க்கிறார்களோ, அங்கேதான் பாதை. "படத்துல கோடு போடறவங்க அதுல நடக்கப் போறதில்ல சார்" என்று ஆணையரிடமே சொன்னவர். ஆணையரும் அவருடைய பதவி உயர்வைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டார்.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் பெரிய பூங்காவின் கருவி அறையில் வரைபடத்தை விரித்து உட்காருவார். பலர் நடந்த தடத்துக்குச் சிவப்பு, கல் பாவலாம். ஆள் நடமாட்டம் நின்ற தடத்துக்குப் பச்சை. மண்ணைக் கிளறிப் புல் விதைக்க வேண்டும். ஒற்றை ஆள் தடத்துக்கும் பச்சைதான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தம் வழக்கமான பெஞ்சுக்குத் தேய்த்து வைத்திருந்த தடத்தையே புல்லாக்கினார். நீதிபதி மூன்று மனு போட்டார். மூன்றும் தள்ளுபடி.

ஒரே ஒரு தடம் மட்டும் பத்தொன்பது வருடமாகப் பென்சிலில் இருந்தது. பின்கேட்டிலிருந்து கருவி அறைக்குக் குறுக்கே வரும், ஒரு சாண் அகலத் தடம். அது அவர் மனைவி போட்டது.

பூங்காவுக்குப் பின்னாலிருந்த சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள் அவள். மதியம் ஒரு மணிக்கு டிபன் பெட்டியோடு புல்லை மிதித்துக்கொண்டு வருவாள், அவரே கைப்பட எழுதி நட்ட 'புல்லில் நடக்காதீர்கள்' பலகையை ஒட்டி.

"பலகை கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. எழுத்துதான் கோணலா இருக்கு."

"சுத்தி வந்தா என்ன? நாலு நிமிஷம்."

"அதுக்குள்ள சாப்பாடு ஆறிடும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது யாரு?"

கோடையில், மூன்றே நாள் காய்ச்சலில், அவள் போய்விட்டாள். மழை வந்தது. தடத்தின் இரு ஓரத்திலிருந்தும் புல் உள்ளே நகரத் தொடங்கியது. போதாக்குறைக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு: இந்த வருடம் வரைபடம் கணினிக்குப் போகிறது, சிவப்பு அல்லது பச்சை, பென்சில் கூடாது. கணினிக்குப் பொறுக்கத் தெரியாதாம்.

தடக் கணக்கெடுப்புக்குப் பத்து நாள் இருந்தது. வேறு யாராவது செய்திருந்தால் அவரே விளக்கம் கேட்டிருக்கக்கூடிய ஒரு காரியத்தை அவர் செய்தார். அந்தத் தடத்தில் தானே நடந்தார். பின்கேட்டின் தாழ்ப்பாளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை.

எட்டாம் நாள், நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இடுப்பில் கை வைத்தபடி வழியில் நின்றாள்.

"என்னண்ணே, தாழ்ப்பாளுக்கு உடம்பு சரியில்லையா? இப்பிடி விழுந்து விழுந்து கவனிக்கறீங்க?"

"வேலையப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். குழாய்கிட்ட அண்ணி ஒரு வளைவு எடுப்பாங்க, செருப்பு நனையாம இருக்க. அது எங்க இப்ப?"

அவர் குனிந்து பார்த்தார். வளைவு இருந்த இடத்தில் புல் மூடியிருந்தது. அவருடைய பூட்ஸ் குழாயடிச் சேற்றை நேராக வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரு சாண் இருந்த தடம் ஒரு முழமாகியிருந்தது.

"இது உங்க தடம்ண்ணே" என்றாள் அவள், குரலை இறக்கி. "அவங்களுது இல்ல."

அவர் கருவி அறைக்குப் போய் ரப்பரை எடுத்துப் பென்சில் கோட்டை அழித்தார். பச்சைப் பேனாவுக்கு மூடி திறக்கத்தான் நேரமானது.

மறுநாள் காலை தானே கடப்பாரையோடு இறங்கினார். பூட்ஸ் மிதித்த சேறு உடனே பெயர்ந்தது. அதற்கடியில் பத்தொன்பது வருடத்து மண். கடப்பாரை 'ணங்' என்று திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி குத்தினார். பெஞ்சிலிருந்து நீதிபதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உங்க வீட்டம்மா வர்ற வழியாச்சே?"

"வந்த வழி சார்."

நீதிபதி அதற்குமேல் வாதாடவில்லை.

பன்னிரண்டரைக்கு விதை தூவி முடித்தார். பின்கேட்டுக்கு வெளியே இருந்த கடையில் ஒரு பொட்டலம் வாங்கினார். திரும்பும்போது கால் தானாகப் புல்லுக்குப் போனது. பலகையைப் பார்த்து நின்றது. அன்றுதான் முதன்முதலாக, சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கல் பாவிய பாதையில் சுற்றிக்கொண்டு நடந்தார். அவரே போட்ட பாதை.

கருவி அறை வாசலில் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பொட்டலம் ஆறிப்போயிருந்தது.