வியாழக்கிழமை என்ன செய்தீர்கள்?

இன்று, திங்கட்கிழமை, எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் கம்போங் ராஜா பேருந்தில், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் செல்வியைச் சந்தித்தேன். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தாள்.

"வயித்துப் பூச்சி கணையத்துக் குழாயில பூந்து அடைச்சிருச்சாம் தாத்தா. பட்டினி போட்டு, டிரிப் ஏத்தி, பூச்சி மருந்து குடுத்தாங்க. இப்ப நல்லாருக்கா லா."

"வலி என்னைக்கு வந்துச்சு?"

"புதன்கிழமை."

"ஆஸ்பத்திரியில சேத்தது?"

"வெள்ளிக்கிழமை. டாக்டர் ஏசிட்டாரு."

"அப்போ வியாழக்கிழமை என்னம்மா செஞ்சீங்க?" என்று அதட்டினேன்.



"குடல் ஏறிருச்சுன்னு எண்ணெய் போட்டுத் தடவுனோம். உங்க வீட்டுப் பாட்டிதான் தடவுனாங்க."

அந்தப் பாட்டி என் மனைவி.

வீடு திரும்பினால், வயிற்றைப் பிடித்தபடி இன்னொரு குழந்தை தன் தாயோடு உட்கார்ந்திருந்தது; அடுப்பில் எண்ணெய் சூடாகிக்கொண்டிருந்தது. இருவரையும் உடனே கிளினிக்குக்கு அனுப்பிவிட்டேன். மனைவி எண்ணெய்ச் சட்டியைப் படாரென்று இறக்கி வைத்தாள்.

அவள் கைராசியை எஸ்டேட்டே புகழ்கிறது. குழந்தையை ஏன் தடவ விடாமல் அனுப்பினேன் என்ற காரணத்தை அவளிடம் எடுத்துச் சொல்ல உங்களில் யாருக்கேனும் துணிவுண்டா?