ரொட்டி கம்பெனியில் ஒரு பந்தி

பஸ் திருவண்ணாமலைக்குள் நுழையும்போது எனக்குக் காய்ச்சல். "ரொட்டி கம்பெனியெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். காய்ச்சலுக்கு ரொட்டியும் பாலும்தானே என்று பெட்டியோடு இறங்கிவிடுகிறேன்.

எதிரில் உயரமான புகைபோக்கி. அதில் புகை வரவில்லை. ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள், நாதஸ்வர கேசட் ஓடுகிறது. வாசலில் வாழைமரம். பந்தலின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாயிடம் ரொட்டி கேட்கிறேன்.

"ஜுரமா?" என்கிறார் உடனே. கட்டடம் அவருடையது. "எங்க அத்தா ரொட்டி போட்ட எடங்க. ஆஸ்பத்திரிக்கே இங்கேர்ந்துதான் போவும். இப்ப ஊர்ல ஜுரம் கம்மி, கல்யாணம் ஜாஸ்தி. அதான் மண்டபமாக்கிட்டேன்."

உள்ளே அழைத்துப் போகிறார். மாவு பிசைந்த கூடத்தில் பந்தி நடக்கிறது. பெரிய அடுப்பின் செங்கல் வளைவை அப்படியே விட்டு, அதன் கீழ் மணமேடை கட்டியிருக்கிறார். ரொட்டி வெந்த இடத்தில் ஓமப்புகை இன்னும் அடங்கவில்லை.

"ரொட்டி இல்ல, ரசம் இருக்குது. ஒக்காருங்க."

அழைக்காத கல்யாணம். கூச்சத்தில் தலையைத் தூக்காமல் சாப்பிடுகிறேன். மிளகு ரசம் தொண்டையில் இறங்க, நெற்றி வேர்க்கிறது.

கல்யாணப் பெண்ணின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டே வந்து என் இலை முன்னால் நிற்கிறார்.

"நீங்க மாப்ள வூடுங்களா?"

தலையைத் தூக்குகிறேன்.

"இவரு ரொட்டி வூடு" என்கிறார் பாய், பின்னாலிருந்து.

பெண்ணின் அப்பா என் நெற்றியைப் பார்க்கிறார். பிறகு பரிமாறுகிறவர் பக்கம் திரும்பி, "ரொட்டி வூட்டுக்கு இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்துப்பா" என்கிறார்.