நீலக் கதவில் இரண்டு கண்கள்

அந்தத் தெருவில் மொத்தம் ஏழு பேர். காப்பிக்கடை வாசலில் பாய்மேல் நான்கு தலைப்பாகைக்காரர்கள், ஆரஞ்சுப் பழம் விற்கும் கிழவி, கழுதையோடு ஒருவன், குடத்தோடு முக்காடிட்ட ஒரு பெண். சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே பாதி திறந்த நீலக் கதவு. அதற்குள் வெறும் இருட்டு. யாரோ ஒரு வெள்ளைக்கார ஓவியர் அல்ஜீரியாவில் வரைந்த படத்தின் அச்சு அது. அறுபதுகளில் செஞ்சிக் கடைவீதியில் நான் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடி உடைந்த அந்தப் படத்தைப் பட்டாளத்தார் கொண்டுவந்தார்.

புதுச்சேரிப் பக்கம் பிறந்தவர் அவர். பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் அந்த நாட்டுக்கே போய்ச் சண்டை போட்டுத் திரும்பி, செஞ்சியில் மகள் வீட்டோடு இருந்தார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். யாரையாவது சீண்டாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

"இன்னா பட்டாளத்தாரே, கொடம் தூக்கினு போவுதே, அதான் உங்க அந்த ஊரு சம்சாரமா?"

அவர் சிரிக்கவில்லை. "இதுல ஒரு துப்பாக்கிக்காரன்கூட இல்ல பாரு. அதுக்குத்தான் வச்சினுகீறேன். எதுவும் தீட்டாத, கண்ணாடி மட்டும் போடு."

அமாவாசை நெருங்கியிருந்தது. மேல்மலையனூர் போகும் அங்காளம்மன் படங்கள் கடையில் குவிந்து கிடந்தன. ஜிகினா ஒட்டி, கடைசியாக அம்மன் கண்ணில் வெள்ளை வைத்து நடுவே கறுப்புப் புள்ளி இடுவது எங்கள் வழக்கம், அதன்பிறகே கண்ணாடி. தூரிகை கையில் இருந்தது. கதவின் இருட்டு காலியாக இருந்தது. அதற்குள் இரண்டே வெள்ளைப் புள்ளிகள் வைத்தேன், யாரோ எட்டிப் பார்ப்பதுபோல. என்னை நானே மெச்சிக்கொண்டு சட்டத்தை மூடினேன்.

மறுநாள் உச்சிவெயிலில் படத்தை வாங்கியவர், ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினார். விரல் கதவில் நின்றது. அடுத்த நொடி என் சட்டையைப் பிடித்திழுத்து என்னைத் தரையோடு அழுத்தினார்.

"தலைய தூக்காத. உள்ள கீறா."

தெருவில் பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"இப்டித்தான் ஒரு கதவு. ரெண்டு கண்ணு தெரிஞ்சிது, சுட்டுட்டேன். போய்ப் பாத்தா பொம்பள. கையெல்லாம் மாவு. இந்தக் கதவுல யாரும் இல்லன்னு தெனம் பாத்துட்டுத்தான் சோறு துன்றேன்டா."

"நான்தான் தீட்டினேன் பட்டாளத்தாரே! வெளையாட்டுக்கு. சத்தியமா நான்தான்!" அழுதேவிட்டேன்.

"நீ என்னிக்குடா நெசம் பேசின? அந்தக் கண்ண எனக்குத் தெரியும்."

சட்டத்தைப் பிரித்து, அவர் முன்னாலேயே பிளேடால் சுரண்டினேன். கண்கள் போயின, தாளும் கிழிந்து கதவில் ஓட்டை விழுந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"வெளிய வந்துட்டா" என்றார்.

படத்தை என்னிடமே விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். ஒரு வாரம் கழித்து அவர் மகள் வந்தாள். வீட்டில் கதவைச் சாத்தினால் திற என்கிறாராம், திறந்தால் சாத்து என்கிறாராம். சோற்றில் கை வைப்பதே இல்லையாம். "அவருகிட்ட இன்னாண்ணா சொன்ன?" என்று கேட்டாள். கிழிந்த படத்தை மற்றப் படங்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

படம் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஓட்டைக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். சாப்பிட உட்காருமுன் தினமும் எண்ணுகிறேன். ஏழு பேர். பிறகு என் வீட்டு வாசற்கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.