முற்றுகைக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு

உலகச் சரித்திரத்தைத் தமிழில் சொல்கிற ஒரு யூடியூப் சேனலுக்குக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. எழுதி அனுப்புவார்கள், நான் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, போனில் வாசித்து அனுப்புவேன். ஃபேன் நின்றதும் அம்மா திட்ட ஆரம்பிப்பாள். அதையும் வெட்டித்தான் அனுப்ப வேண்டும்.

அந்த வாரம் வந்தது ஜப்பான் கோட்டை ஒன்றின் முற்றுகை. சாமுராய்கள் குலம் குலமாக அடித்துக்கொண்ட காலம். படையெடுத்து வந்தவன் அவசரப்படவில்லை. முன்கூட்டியே சுற்றுவட்டார அரிசியை எல்லாம் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டான். கோட்டைக்காரர்களே ஆசைப்பட்டுத் தங்கள் களஞ்சியத்தையும் விற்றார்களாம். அட முட்டாள்களா! பிறகு வழியை அடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டான். உள்ளே குதிரையைத் தின்றார்கள், புல்லைத் தின்றார்கள். கடைசியில், மற்றவர்களை விட்டுவிடச் சொல்லி, கோட்டைத் தலைவன் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தான். கதவு திறந்தது. வென்றவன் இரக்கப்பட்டு அண்டா அண்டாவாகக் கஞ்சி ஊற்றினான். அள்ளி அள்ளிக் குடித்தவர்கள் அங்கேயே சுருண்டு செத்தார்கள். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திரும்ப வாசித்து அனுப்பினேன்.

மறுநாள் தம்பியை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கப் போனவன், கரியாலூர் பக்கம் ஒரு கொட்டகையில் சாராயமே சோறாகக் கிடந்திருக்கிறான். வாரக்கணக்கில் ஒன்றும் தின்னவில்லை. "எலும்ப தூக்கினு வந்த மாதிரி இருந்துச்சிம்மா" என்றார் ஜீப்காரர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாடு, மொத்தமாகக் கொடுத்தால் இதயமே நின்றுவிடும். அம்மாவிடம் அந்தக் கோட்டைக் கதையைச் சொன்னேன்.

"இன்னாடி பேசுற? எவனோ ஜப்பான்காரன் செத்தான்னு எம்புள்ளய பட்டினி போடணுமா?"

"டாக்டரும் அதத்தாம்மா சொல்றாரு. கம்மியா குடு."

"எக்கா, பசிக்குதுக்கா" என்று அவன் வேறு சிணுங்கினான். அவன் வாயால் பசி என்று கேட்டு எத்தனை காலம்! எனக்கே மனசு இளகியது. ஆனாலும் விடவில்லை. கட்டிலருகே காவல் நின்றேன். தூக்குச்சட்டியில் கறிச்சோறு கொண்டுவந்த அத்தையை வராண்டாவிலேயே சத்தம் போட்டு நிறுத்தினேன். "ராட்சசி" என்று திட்டி, தூக்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். போகட்டும்.

மதியம் நர்ஸ் மருந்து வாங்கி வரச் சொன்னார். போய்த் திரும்புவதற்குள் அந்தத் தூக்கை எடுத்து அம்மா பிசைந்து ஊட்டி முடித்திருந்தாள். தட்டு வழித்துக் கிடந்தது. தம்பி முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "போதும்மா" என்று ஏப்பம் விட்டான். மறுநாள் காலையில் போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் அம்மா ஒன்றையே சொன்னாள். "எம்புள்ள வயிறு நெறஞ்சிதான் போனான். எங்கையால சாப்ட்டுட்டுதான் போனான். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். வாய்க்கு வந்ததைப் பேசிவிடுகிறவள் நான், தெருவுக்கே தெரியும்.

"ஆமாம்மா, நல்லா சாப்ட்டான்" என்றேன்.