ஆர்தரின் ரப்பர் பூட்ஸ்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கில் டெனிஸ் ஹார்ட்விக்குக்குப் பதினேழு வருஷ வேலை. நான் வாசலில் வண்டிகளை உள்ளே விடுகிறவன். வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் கேட்கும் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"டம்ப் பண்ண வந்தீங்களா, டிஸ்கார்ட் பண்ண வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?" என்பார்கள்.

"எப்படி ஒண்ணாகும்? தொலைஞ்சா போதும்னு வீசுறது டம்ப். எனக்கு இனி வேணாம்னு தள்ளி வைக்கிறது டிஸ்கார்ட். இதுல பொருள் மேல ஒரு தப்பும் இல்ல."

வீசுவது இரும்புத் தொட்டிக்குப் போகும். சாயங்காலம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். தள்ளி வைப்பது தகரக் கொட்டகைப் பலகைக்கு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாய் சொல்வதை டெனிஸ் நம்பமாட்டான், கையைப் பார்ப்பான். ஒற்றைக் கையால் வீசினால் தொட்டி, இரண்டு கையாலும் வைத்தால் பலகை. சரியான கிறுக்கன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எழுபத்தைந்து வயது மேவிஸ் தன் மகள் ஜில்லின் காரில் வந்தார். புருஷன் ஆர்தர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம். கையில் அவருடைய ரப்பர் பூட்ஸ், தோட்டத்துச் சேற்றோடு.

"வீசிட்டு வாம்மா, நேரமாச்சு," என்றாள் ஜில், இன்ஜினை அணைக்காமலே.

டெனிஸ் கேட்பதற்கு முன்பே மேவிஸ் அதட்டினார். "டம்ப்தான்ப்பா, டம்ப்!"

ஆனால் தொட்டியின் விளிம்பில் இரண்டையும் ஜோடி சேர்த்து, வீட்டு வாசலில் விடுவதுபோல வைத்துவிட்டுப் போனார். டெனிஸ் அவற்றைப் பலகைக்குக் கொண்டுபோனான்.

மறுநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மேவிஸ் பஸ் பிடித்துத் தனியாக வந்தார். தொட்டி காலி.

"ராத்திரி பூரா தூக்கமில்ல. அந்த பூட்ஸ் எனக்குத் திரும்ப வேணும்."

குரல் உடைந்தது. "டெனிஸ்!" என்று கத்தினேன்.

ஓடி வந்தவனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி, தன் பூட்ஸ் ஒழுகுகிறது என்று ஆர்தருடையதை மாட்டிக்கொண்டிருந்தான்! மேவிஸைக் கண்டதும் அவன் முகம் சிவந்துபோனது.

"மன்னிச்சிருங்க அம்மணி, இதோ கழட்டிடறேன்," என்று ஒற்றைக் காலில் தள்ளாடினான்.

மேவிஸ் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிசா இருக்கா?"

"கொஞ்சம்."

"அவருக்கும் பெரிசுதான். தள்ளுபடியில கிடைச்சுதுன்னு தூக்கிட்டு வந்த மனுஷன்." சிரித்தார், கண்ணில் தண்ணீர். "கழட்டாதே, நனைஞ்சிடுவே."

வெறுங்கையோடு பஸ் ஏறினார். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். பழக்கதோஷம், டெனிஸ் தன் கேள்வியை ஆரம்பித்தான்.

"வாயை மூடு," என்று இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே தடித்த கம்பளிக் காலுறைகள், இரண்டு ஜோடி. "ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கோ, அப்பத்தான் ஆடாது. அவர் அப்படித்தான் போடுவார்."