எழும்பி நிற்கும் காலடிகள்

பின்லாந்தின் வடகோடியில், இனாரி ஏரிக்கரைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போகும் இங்காவுக்கு முப்பத்து நான்கு வயது. காலையில் நாற்பது கிலோமீட்டர், மாலையில் நாற்பது. வழியில் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க அவள் சொல்ல ஆரம்பித்த பனி ராட்சசன் கதை, ஆறு வருடத்தில் ஒரு புத்தகம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எழுதி அனுப்பினாள். நான்கு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஐந்தாவது, ஹெல்சிங்கியில் நான் வேலை செய்யும் சிறிய பதிப்பகம். எங்களுக்குப் பிடித்துவிட்டது, ஒரு பக்கத்தைத் தவிர.

அந்தப் பக்கத்தில் ராட்சசன் உறைந்த ஏரியைக் கடந்து போகிறான். இரவெல்லாம் காற்று. காலையில் அவன் காலடிகள் குழிகளாக இல்லை. மேடைகளாக எழும்பி நிற்கின்றன. ஒரு சிறுமி அவற்றின் மேல் தாவித் தாவிப் போகிறாள்.

'இது நம்பும்படி இல்லை. குழியாக மாற்றலாம்' என்று ஓரத்தில் எழுதியவன் நான். நாட்டின் தென்கடலோரத்தில் எங்கள் ஊரில் விழுந்த பனி மறுநாளே சேறாகிவிடும். நிலைத்து நிற்கும் பனியை நான் பார்த்ததெல்லாம் நூலகத்துப் படப் புத்தகங்களில்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அச்சில் வந்ததை அதனால்தான் அவ்வளவு நம்பினேனோ என்னவோ.

மார்ச் மாதம் ஒப்பந்தத்தோடு இனாரிக்குப் போனேன். இங்கா என் குறிப்பை இரண்டு முறை படித்தாள்.

"குழின்னே போட்டுக்கங்க. புத்தகம் வந்தாப் போதும்."

கையெழுத்தைப் பிறகு போடுவதாகச் சொல்லி என்னையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டாள். திருத்திய பக்கத்தை நானே பிள்ளைகளுக்குப் படித்தேன். ஏழு வயது எல்லே இடைமறித்தாள்.

"ராத்திரி காத்து அடிச்சுதுல்ல? அப்புறம் குழி எப்படி இருக்கும்?"

கதைதானே என்றேன்.

"ராட்சசன்தான் கதை. பனி நெசம்."

ஹெல்சிங்கிக்காரர்கள் பனியை ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருப்பார்கள் என்றான் பின்சீட்டு நீலோ. எல்லோரும் சிரித்தார்கள். இங்கா சிரிக்கவில்லை. ஏரியோரம் வண்டியை நிறுத்தினாள்.

இரண்டு நாள் காற்று பனிப்பரப்பைக் கூட்டிப் பெருக்கிவிட்டிருந்தது. யாரோ நடந்துபோன தடத்தில், மிதிபட்டு இறுகிய பனி மட்டும் அப்படியே நின்றது. சுற்றிலும் இருந்த பொலபொலப்பான பனியைக் காற்று வாரிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு காலடியும் ஒரு குட்டி மேடை. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"குழின்னா எனக்குப் புத்தகமே வேணாங்க," என்றாள் இங்கா. "நாளைக்கும் இதுங்களத்தானே ஏத்திக்கிட்டுப் போகணும்."

அங்கிருந்தே எங்கள் பதிப்பாசிரியருக்கு ஃபோன் செய்து, என் குறிப்புதான் தவறு, பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றேன். தெற்கத்திப் பிள்ளைகள் நம்புவார்களா என்று கேட்டார். தெரியாது, சற்று முன்புவரை நானே நம்பவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். படம் வரைபவருக்கு மேடையின் உயரம் மட்டும் தெரிய வேண்டுமாம்.

இங்காவைக் கேட்டேன். முழங்கால் அளவு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லே குறுக்கிட்டாள்.

"ராட்சசன் எவ்வளவு கனம்னு முதல்ல சொல்லு."

ஆறு வருடத்தில் இங்கா அதை யோசித்ததே இல்லை. ஸ்டியரிங் மேல் ஒப்பந்தத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். பள்ளி வரும்வரை பின்சீட்டில் ராட்சசனை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.