காதுக்குப் பின்னால் இருந்த சிவப்பு

எர்சிலியா ப்ரொயெட்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அந்த ரோம் அருங்காட்சியகத்தில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டுமே. பழைய ரோமானியச் சிலைகளைச் செப்பனிடும் வேலை அவளுக்கு. வெள்ளையாக இருந்தால்தான் சிலை என்று நினைக்கிறவர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் பொறுமை மிஞ்சும்? செய்தவர்கள் அவற்றுக்கு வர்ணம் பூசியிருந்தார்கள். மிச்சமிருந்ததையும் சுரண்டித் துடைத்தது பிற்பாடு வந்த புண்ணியவான்கள்.

அந்த வசந்தத்தில் ஒரு பெண்ணின் தலை அவள் மேசைக்கு வந்தது. காதுக்குப் பின்னால், அழுக்குக்கு அடியில், நகக்கண் அளவு சிவப்பு. கூந்தலுக்குப் பூசிய சாயம். அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் செப்டம்பரில்தான் இடம் கிடைத்தது. அதுவரை அழுக்கை அப்படியே விட்டுவைத்தாள். சாயத்துக்கு அதுதான் காப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் எந்தப் பேராசிரியராவது முந்திக்கொண்டு தன் பெயரில் கட்டுரை எழுதிவிடுவார். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பயம் அது.

ஆகஸ்ட் நடுவில் ஊரே கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போகும். அவளும் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தலை கழுவிய பீங்கான் மாதிரி பளபளத்தது. புரவலர்களுக்கு வைத்த விருந்துக்காக இயக்குநர் குவால்தியெரோ வெளியாட்களைக் கூப்பிட்டு நீராவி அடிக்க வைத்திருந்தார்.

“யார் சார் இதுல கை வச்சது?”

“நான்தான் வைக்கச் சொன்னேன். எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. வந்தவங்கல்லாம் அசந்துட்டாங்க.”

“அசந்தாங்களா? ரெண்டாயிரம் வருஷம் தாக்குப்பிடிச்ச சாயத்த ஒருவேளை சாப்பாட்டுக்காகக் கழுவி ஊத்திட்டீங்களே. உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

குவால்தியெரோவின் முகம் வெளிறியது. “சாயமா? என்ன சாயம்?”

“சிவப்பு. காதுக்குப் பின்னாடி.”

“ஏன் எங்கிட்ட சொல்லல, எர்சிலியா? தெரிஞ்சிருந்தா ஒருத்தனையும் கிட்ட விட்டிருக்க மாட்டேனே.”

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அது தெரிந்ததும் அவளுக்கு அவர் மேல் ஆத்திரம் இன்னும் மூண்டது. தன் மேல் மூண்டது அதைவிடப் பெரிது.

அவர் சட்டைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள். அங்கே தாடிக்காரர் ஒருவரின் மார்பளவுச் சிலை இருந்தது. விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள்.

“குனிஞ்சு பாருங்க. தாடிக்குள்ள கறுப்பு தெரியுதா?”

“தெரியுது.”

“இதையும் நான் யார்கிட்டயும் சொல்லல.” காவலாளியையும் கூட்டிப் பெருக்குகிற பெண்ணையும் கைதட்டி அழைத்தாள். “நீங்களும் வந்து பாருங்க. ஊர் பூராச் சொல்லுங்க. எவன் வேணா எழுதிக்கட்டும், எவன் பேரு வேணா போட்டுக்கட்டும். தண்ணி மட்டும் படக்கூடாது.”